பல மொழி பேசுவோர் சேர்ந்து தைக்கும் லைன்: உற்பத்தி கூடுகிறதா, குறைகிறதா என்று கணக்கிட முழுமையான வழிகாட்டி

திருப்பூரில் மிஷின்கள் வரிசையாக நிற்கும் ஒரு தையல் லைனுக்குள் நுழைந்தால் தமிழும் ஒடியாவும் இந்தியும் போஜ்புரியும் ஒரே நேரத்தில் காதில் விழும். இப்படி ஆட்களைக் கலந்து உட்கார வைப்பதால் உற்பத்தி அடி வாங்குகிறது என்று உற்பத்தி மேலாளர் சொல்வார். கலந்த ஆட்கள்தான் கம்பெனிக்குப் பலம் என்று ஆர்டர் கொடுப்பவரின் தணிக்கையாளர் சொல்வார். இருவர் கையிலும் எண் இருக்காது.

அந்த எண்ணை உங்கள் கம்பெனியின் பதிவேடுகளிலிருந்தே எடுக்கலாம். நான்கு பின்னலாடை நிறுவனங்களில் இந்தக் கணக்கைப் போட்டிருக்கிறேன். முதல் இரண்டில் வரிசை மாறிச் செய்ததால் மாதக்கணக்கில் சேர்த்த தாள்கள் பயன்படாமல் போயின. மனிதவளப் பிரிவுக்குப் புதிதாக வந்தவர்களும் அதே இடங்களில் தடுக்கி விழுவதைப் பார்த்த பிறகு இதை எழுதுகிறேன்.

தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

குறைந்தது 6 மாத வருகைப் பதிவு. ஒவ்வொரு ஸ்டைலுக்கும் (ஆடை மாதிரிக்கும்) எஸ்.ஏ.எம்., அதாவது ஒரு பீஸ் தைக்கக் கணக்கிட்ட தர நிமிடம். லைன் வாரியாக மணிக்கு மணி எழுதிய உற்பத்தித் தாள். செக்கிங் மேசையில் திரும்பிய பீஸ்களின் எண்ணிக்கை. யார் எந்த மிஷினில் எந்த நாளில் உட்கார்ந்தார்கள் என்ற பதிவு.

கடைசியாகச் சொன்னது பெரும்பாலான இடங்களில் இருக்காது. அது இல்லையென்றால் இன்றே ஒரு நோட்டு போட்டு எழுதத் தொடங்குங்கள். கணக்கை ஒரு மாதம் தள்ளி வையுங்கள். லைனில் இத்தனை பேர் இந்த மொழி என்பது மட்டும் தெரிந்தால் போதாது. காரணம் 3ஆம் படியில் வரும்.

1. கேள்வியை ஒரே வரியில் எழுதுங்கள்

"பன்முகத்தன்மை லாபம் தருமா?" என்பது கணக்கிட முடியாத கேள்வி. "டி-ஷர்ட் லைனில் பக்கத்துப் பக்கத்து மிஷின்களில் வேறு மொழி பேசுவோர் இருந்தால் நிமிடத்துக்கான உற்பத்தி மாறுகிறதா?" என்பது கணக்கிடக்கூடிய கேள்வி. மொழி, ஆண் பெண், அனுபவ ஆண்டு ஆகியவற்றில் முதல் சுற்றுக்கு ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். மூன்றையும் சேர்த்துப் போட்டால் எது எதற்குக் காரணம் என்று பிரிக்க முடியாமல் போகும்.

இந்தப் படியில் பலர் வெளிநாட்டு அறிக்கைகளின் சதவீதங்களைக் கொண்டுவந்து முதலாளியின் மேசையில் வைக்கிறார்கள். மெக்கின்சி நிறுவனம் 2015 முதல் வெளியிட்ட அறிக்கைகள் அதிகம் மேற்கோள் காட்டப்படுகின்றன. கலந்த குழு உள்ள நிறுவனங்களுக்கு லாபம் அதிகம் என்று சொல்லும் அவை பெரிய நிறுவனங்களின் உயர்மட்ட நிர்வாகக் குழுக்களைப் பற்றியவை. ஜெரமையா கிரீன், ஜான் ஹேண்ட் என்ற இரு பேராசிரியர்கள் அமெரிக்காவின் எஸ் அண்ட் பி 500 நிறுவனங்களை வைத்து அதே கணக்கைத் திரும்பச் செய்து 2024இல் வெளியிட்டபோது அந்தத் தொடர்பு கிடைக்கவில்லை. கிடைத்திருந்தாலும், உயர்மட்டக் குழுவில் யார் இருக்கிறார்கள் என்பது விளிம்பு தைக்கும் ஓவர்லாக் மிஷினுக்கும் மடிப்பு தைக்கும் பேட்லாக் மிஷினுக்கும் நடுவே பண்டில், அதாவது வெட்டிய துணிக் கட்டு, ஏன் தேங்குகிறது என்பதைச் சொல்லாது.

2. ஆள் பட்டியலைத் தயாரியுங்கள்

ஒவ்வொருவருக்கும் ஐந்து விவரங்கள்: வீட்டில் பேசும் மொழி, வேலைக்காகப் பேசத் தெரிந்த மற்ற மொழிகள், எந்த மிஷின், சேர்ந்த தேதி, விடுதியில் தங்குகிறாரா வீட்டிலிருந்து வருகிறாரா.

இரண்டாவது விவரத்தைப் புதியவர்கள் விட்டுவிடுகிறார்கள். மூன்று ஆண்டுகள் இங்கே தைத்த ஒடிசாக்காரர் ஒருவர் தமிழில் தாராளமாகப் பேசுவார். போன வாரம் ரயிலிறங்கியவரையும் அவரையும் ஒரே கட்டத்தில் போட்டால் கணக்கு பொய் சொல்லும்.

சாதியும் மதமும் இந்தப் பட்டியலில் வேண்டாம். கேட்டாலே தளத்தில் சந்தேகம் பரவும், அந்தச் சந்தேகமே உற்பத்தியை மாற்றிவிடும். எதற்காகக் கேட்கிறோம் என்பதை அவரவர் மொழியில் சொல்லிவிட்டு எழுதுங்கள். பட்டியலில் பெயர் வேண்டாம், டோக்கன் எண் போதும். இந்தத் தாள் சூப்பர்வைசர் கையில் போகக் கூடாது.

3. கைமாறும் இடங்களை எண்ணுங்கள்

இந்த வேலையின் உயிர் இந்தப் படியில் இருக்கிறது.

ஆட்கள் எவ்வளவு கலந்திருக்கிறார்கள் என்று காட்டப் பாடப்புத்தகத்தில் ஒரு குறியீடு உண்டு: ஒவ்வொரு பிரிவின் பங்கையும் வர்க்கப்படுத்திக் கூட்டி 1இலிருந்து கழிப்பது. 20 பேர் லைனில் தமிழ் 10, ஒடியா 6, இந்தி 4 என்றால் பங்குகள் 0.5, 0.3, 0.2. வர்க்கங்களின் கூட்டல் 0.38. குறியீடு 0.62.

இப்போது அதே 20 பேரை இரண்டு விதமாக உட்கார வையுங்கள். முதல் விதத்தில் தமிழர் பத்துப் பேர் வரிசையாக, அடுத்து ஒடியா ஆறு பேர், கடைசியில் இந்தி நான்கு பேர். பீஸ் ஒருவரிடமிருந்து அடுத்தவருக்குப் போகும் 19 இடங்களில் மொழி மாறுவது 2 இடங்களில் மட்டும். இரண்டாவது விதத்தில் ஒரு தமிழர், ஒரு வெளிமாநிலத்தவர் என்று மாற்றி மாற்றி. 19 இடங்களிலும் மொழி மாறுகிறது. குறியீடு இரண்டிலும் அதே 0.62. தளத்தில் நடப்பதோ முற்றிலும் வேறு.

அதனால் குறியீட்டோடு நிறுத்தாமல், மொழி மாறும் கைமாற்றங்களை எண்ணுங்கள். தையல் வரிசைப்படி லைனை ஒரு தாளில் வரையுங்கள். கொடுப்பவருக்கும் வாங்குபவருக்கும் பொதுவாக ஒரு மொழி இருந்தால் பச்சைக் கோடு, இல்லையென்றால் சிவப்புக் கோடு. கைமடி ஆட்களையும், அதாவது டெய்லருக்குப் பண்டிலை எடுத்துக் கொடுக்கும் உதவியாளர்களையும், சேர்த்து வரையுங்கள். அவர்கள் டெய்லர் பட்டியலில் இல்லை என்று விட்டுவிடுவது வழக்கமான பிழை. பண்டில் நகர்வது அவர்கள் கையில்தான்.

சிவப்புக் கோட்டில் என்ன நடக்கிறது என்று பக்கத்தில் நின்று பாருங்கள். தைக்கும் வேகம் பெரும்பாலும் குறையாது. தோள் இணைத்து வந்த பீஸில் ஒரு பக்கம் கூடுதலாக வெட்டுப்பட்டிருப்பதை கழுத்து வைப்பவர் பார்க்கிறார். ஒரே மொழி என்றால் தலையைத் திருப்பி ஒரு வார்த்தை சொல்வார், அடுத்த பீஸிலேயே சரியாகிவிடும். மொழி இல்லையென்றால் இரண்டு வழி. பண்டிலை ஓரமாக வைத்துவிட்டு சூப்பர்வைசர் வரும்வரை காத்திருப்பார். அல்லது அப்படியே தைத்து அனுப்பிவிடுவார், பிழை செக்கிங்கில் நாற்பது பீஸ் கழித்துத் தெரியவரும். காத்திருந்த நிமிடமும் திரும்பி வந்த பீஸும்தான் நஷ்டம். இரண்டையும் 4ஆம் படியில் தனித்தனியாக அளக்க வேண்டும்.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், வேலை எவ்வளவு ஒட்டிக்கொண்டிருக்கிறது என்பதைப் பொறுத்தே கலப்பின் விளைவு மாறுகிறது. மேற்கு வங்கத்தில் ஓர் உணவுப் பொருள் தொழிற்சாலையில் அர்காதேவ் கோஷ் என்ற பொருளியலாளர் இந்து, முஸ்லிம் தொழிலாளர்களைக் கலந்த குழுக்களிலும் கலக்காத குழுக்களிலும் போட்டுப் பார்த்தார். ஒருவர் கையை ஒருவர் நம்பி நடக்கும் வேலைகளில் கலந்த குழுக்களின் உற்பத்தி முதலில் குறைந்தது. தனித்தனியாகச் செய்யும் வேலைகளில் அந்தக் குறைவு இல்லை. அயர்னிங், பேக்கிங் மேசையில் கலப்பு எந்தத் தொந்தரவும் தராமல், தையல் லைனில் மட்டும் தெரிவதற்கு இதுவே காரணம். இரண்டையும் சேர்த்து சராசரி எடுத்தால் எதுவும் தெரியாது.

4. உற்பத்தியை நிமிடத்தால் அளவிடுங்கள்

செயல்திறன் சதவீதம் = தைத்த பீஸ் × எஸ்.ஏ.எம்., அதை ஆட்கள் × வேலை செய்த நிமிடத்தால் வகுத்து 100ஆல் பெருக்குங்கள்.

எடுத்துக்காட்டு. முதல் லைனில் 20 பேர், ஒரு ஷிப்டு, 480 நிமிடம், 6 நிமிட ஸ்டைலில் 700 பீஸ். 4,200 ÷ 9,600 = 43.8 சதவீதம். இரண்டாவது லைனிலும் 20 பேர், அதே ஸ்டைல், ஒன்றரை ஷிப்டு, 720 நிமிடம், 950 பீஸ். 5,700 ÷ 14,400 = 39.6 சதவீதம். பீஸ் எண்ணிக்கையைப் பார்த்தால் இரண்டாவது லைன் ஜெயித்தது போல் இருக்கும்.

இந்தப் பிழை அடிக்கடி நடப்பதற்குக் காரணம் உண்டு. விடுதியில் தங்கும் வெளிமாநிலத் தொழிலாளர்கள் ஒன்றரை ஷிப்டு அதிகம் பார்க்கிறார்கள். வீட்டுக்குப் போய் சமைத்து, பிள்ளைகளைப் பார்க்க வேண்டிய உள்ளூர்ப் பெண்கள் பார்ப்பதில்லை. நாள் பீஸை ஒப்பிட்டால் அந்தப் பெண்கள் மெதுவானவர்கள் என்ற அநியாயமான முடிவு வரும். மிக வருத்தமான முடிவுகள் பல இந்த ஒரு வகுத்தல் செய்யாததால் எடுக்கப்பட்டன.

செயல்திறனோடு மூன்று எண்களையும் லைன் வாரியாக எழுதுங்கள்: நூறு பீஸுக்குத் திரும்பியவை எத்தனை, பண்டில் வராமல் மிஷின் நின்ற நிமிடம் எவ்வளவு, உங்கள் பதிவிலேயே வருகை மிகக் குறைந்த 10 நாட்களில் எத்தனை பேர் வந்தார்கள். கடைசி எண் ஏன் என்பதை 8ஆம் படியில் சொல்கிறேன்.

5. ஒரு லைனை இன்னொரு லைனோடு ஒப்பிடாதீர்கள்

ஒரே மொழி பேசும் லைன் என்பது பெரும்பாலும் ஒரே கான்ட்ராக்டர் கொண்டுவந்த லைன். அதே சூப்பர்வைசர், அதே விடுதி, அதே மாவட்டம், சில சமயம் அண்ணன் தம்பிகள். கலந்த லைனில் மிச்சம் மீதி ஆட்களும் புதியவர்களும் இருப்பார்கள். இரண்டுக்கும் வித்தியாசம் வந்தால் அதை மொழியின் தலையில் கட்டுவது தவறு.

ஒரே லைனைத் தனக்குத்தானே ஒப்பிடுங்கள். ஒரே வேலையைச் செய்யும் இரண்டு ஓவர்லாக் டெய்லர்களை எடுத்துக்கொண்டு, யார் எந்த மிஷினில் என்பதைத் திங்கள்கிழமை காலையில் சீட்டுக் குலுக்கித் தீர்மானியுங்கள். சூப்பர்வைசர் விருப்பம் நுழையாதபடி செய்யும் மலிவான வழி இதுதான். சில வாரங்கள் சிவப்புக் கோடுகள் கூடும், சில வாரங்கள் குறையும். செயல்திறன் அதோடு நகர்கிறதா என்று பாருங்கள். 12 வாரத்துக்குக் குறைவாகச் செய்தால் ஸ்டைல் மாற்றத்தின் ஆட்டமே எல்லாவற்றையும் மறைத்துவிடும். புது ஸ்டைல் ஏறிய முதல் 3 நாட்களைக் கணக்கிலிருந்து எடுத்துவிடுங்கள்.

நீக்க வேண்டிய வாரங்கள் இன்னும் உண்டு. 2023 மார்ச் தொடக்கத்தில், தமிழ்நாட்டில் பீகார் தொழிலாளர்கள் தாக்கப்படுவதாகப் பொய்க் காணொளிகள் பரவியபோது பலர் பயந்து ரயிலேறினார்கள். அந்த வாரங்களின் எண்ணைச் சாதாரண வாரங்களோடு கலக்கக் கூடாது. தனித் தாளில் வைத்துக்கொள்ளுங்கள். பயம் தளத்துக்குள் வந்தால் எவ்வளவு இழக்கிறோம் என்பதை அது காட்டும்.

6. முதல் நான்கு மாத எண்ணை வைத்துத் தீர்ப்பு எழுதாதீர்கள்

மேற்கு வங்கத் தொழிற்சாலையில் முதலில் தெரிந்த குறைவு ஏறத்தாழ நான்கு மாதத்தில் மறைந்தது. வங்கதேசத்தின் ஆயத்த ஆடை ஆலைகளில் பெண்களை லைன் சூப்பர்வைசராகப் பயிற்றுவித்த ஆய்விலும் இதே மாதிரி: ஆரம்பத்தில் பெண்கள் நடத்திய லைன்கள் பின்தங்கின, சில மாதங்களில் வித்தியாசம் மறைந்தது. பெண்களால் முடியாது என்ற நினைப்பு லைனில் இருந்ததும் அந்தத் தொடக்கப் பின்னடைவுக்கு ஒரு காரணம்.

நான் பார்த்த வரை கம்பெனிகள் இரண்டாம் மாதத்தில் கைவிடுகின்றன. பெண் சூப்பர்வைசரைத் திரும்ப மிஷினில் உட்கார வைத்துவிட்டு, முயன்று பார்த்தோம், சரிவரவில்லை என்கின்றன. பள்ளத்தின் அடியில் நிற்கும்போது அளந்துவிட்டு வெளியேறுவது இது. தொடங்கும் முன்பே நான்கு மாதம் வரை கைவிடுவதில்லை என்று நிர்வாகத்திடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

7. கூலி முறையைத் தாளில் சேருங்கள்

கென்யாவில் பூக்களைக் கட்டும் ஓர் ஆலையை யோனாஸ் யோர்ட் என்ற பொருளியலாளர் ஆராய்ந்து 2014இல் வெளியிட்டார். ஒருவர் ரோஜாக்களைப் பிரித்துக் கொடுப்பார், இருவர் கொத்தாகக் கட்டுவார்கள். கொடுப்பவர் தன் இனத்தவருக்கு அதிகமாகவும் மற்றவருக்குக் குறைவாகவும் பூக்களைத் தள்ளினார். அதனால் தன் கூலியே குறைந்தபோதும் அப்படிச் செய்தார். 2007 தேர்தலுக்குப் பிந்தைய கலவரக் காலத்தில் இந்தப் பாகுபாடு கூடியது. பிறகு கட்டுபவர் இருவருக்கும் சேர்த்து, அவர்கள் கட்டிய மொத்தத்துக்குக் கூலி என்று மாற்றியதும், அந்த இருவருக்கிடையே இருந்த ஏற்றத்தாழ்வு மறைந்தது.

நம் லைனில் ரோஜாவின் இடத்தில் பண்டில் இருக்கிறது. பீஸ் ரேட்டில், அதாவது தைத்த பீஸுக்கு இவ்வளவு என்ற கூலியில், தைக்கும் இருவருக்கு ஒரே கைமடி ஆள் பண்டில் கொடுத்தால், சுலபமான சைஸும் சுருளாத துணியும் யாருக்கு அதிகம் போகின்றன என்று ஒரு வாரம் எண்ணுங்கள். சாய்வு தெரிந்தால் ஆளைத் திட்ட வேண்டாம். பண்டில் எண் வரிசைப்படிதான் எடுக்க வேண்டும் என்று விதி போடுங்கள், அல்லது அந்த இருவருக்கும் கூட்டுக் கூலி வையுங்கள்.

கூட்டுக் கூலி வைத்தால் வேகமானவர்கள் ஓடிவிடுவார்கள் என்ற அச்சம் எல்லா முதலாளிகளிடமும் இருக்கிறது. கலிபோர்னியாவின் நாப்பாவில் ஓர் ஆடை ஆலை தனி பீஸ் ரேட்டிலிருந்து குழுக் கூலிக்கு மாறியதை ஆராய்ந்து 2003இல் வெளியிட்ட கட்டுரையில், சராசரி உற்பத்தி 14 சதவீதம் கூடியதாகத் தெரிகிறது. சராசரித் திறன் ஒன்றாக இருந்த குழுக்களில், வேகமானவரும் மெதுவானவரும் கலந்த குழுக்கள் கூடுதலாகத் தைத்தன. தெரிந்தவர் தெரியாதவருக்குச் சொல்லிக்கொடுப்பதால் தனக்கும் லாபம் என்ற நிலை வந்தது. ஆனால் சொல்லிக்கொடுக்க மொழி வேண்டும். அதனால் அடுத்த படியைச் செய்யாமல் கூலியை மட்டும் மாற்றாதீர்கள்.

8. இப்போது லைனை மாற்றுங்கள்

கணக்கு முடிந்ததும் நிர்வாகம் பாய்ந்து எடுக்கும் முடிவு ஒன்று உண்டு: மொழிக்கு ஒரு லைன். அதைச் செய்யும் முன் 4ஆம் படியில் எழுதிய மிகக் குறைந்த 10 நாட்களைப் பாருங்கள்.

பொங்கலுக்குத் தமிழர்கள் ஊருக்குப் போகிறார்கள். அசாமியர் சித்திரைப் பிறப்பையொட்டி பிஹுவுக்கு. ஒடிசாக்காரர்கள் ஜூன் மத்தியில் ரஜ சங்கராந்திக்கு. பீகார், ஜார்க்கண்ட் ஆட்கள் தீபாவளி கழித்து ஆறாம் நாள் வரும் சத் பூஜைக்கு. மொழிக்கு ஒரு லைன் என்றால் ஒவ்வொரு பண்டிகைக்கும் ஒரு லைன் அடியோடு நிற்கும். கலந்த லைனில் நான்கில் ஒரு பங்கு மிஷின் காலியாகும். மற்றவர்களை நகர்த்தி ஓட்டிவிடலாம். கப்பல் தேதி தவறினால் விமானத்தில் அனுப்பும் செலவு நம் தலையில். அந்த ஒரு பில், ஆண்டு முழுவதும் கைமாற்றத்தில் இழந்த நிமிடங்களை விழுங்கிவிடக்கூடும். இரண்டையும் ரூபாயில் எழுதிப் பக்கத்தில் வையுங்கள்.

நான் பரிந்துரைப்பது: லைனைக் கலந்தே வையுங்கள், லைனுக்குள் சிவப்புக் கோடுகளைக் குறையுங்கள். ஒரே மொழி பேசும் மூவர் நால்வரைச் சேர்த்து உட்கார வைத்து, இரண்டு கூட்டம் சந்திக்கும் மிஷினில் இரு மொழியும் தெரிந்த ஒருவரை வையுங்கள். 2ஆம் படியில் "மற்ற மொழிகள்" என்று எழுதிய கட்டம் இங்கே வேலைக்கு வருகிறது. அந்த ஆளுக்கு மாதம் ஒரு சிறு தொகை கூடுதலாகக் கொடுங்கள். மொழிபெயர்ப்பது அவருடைய தைக்கும் நேரத்தைத் தின்கிறது, பீஸ் ரேட்டில் இருந்தால் அது அவர் கூலியிலிருந்து போகிறது.

பிழை அட்டை ஒன்றும் செய்யுங்கள். அடிக்கடி வரும் 10 தையல் பிழைகளின் மாதிரித் துணியை வெட்டி ஒட்டி, எண் போட்டு, ஒவ்வொரு மிஷினிலும் தொங்கவிடுங்கள். கழுத்து வைப்பவர் திரும்பி நான்கு விரலைக் காட்டினால் தோள் இணைப்பவருக்குப் புரியும். நாங்கள் செய்தவற்றிலேயே மிகக் குறைந்த செலவில் மிக அதிகம் பலன் கொடுத்தது இந்த அட்டைதான்.

பெண்களின் எண்ணிக்கை உங்கள் கேள்வி என்றால் மொழிக்கு முன்பே வேறு இரண்டைச் சரிபாருங்கள். 10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் 2013 சட்டப்படி பாலியல் தொல்லைப் புகார்களுக்கான உள்ளகக் குழு இருக்க வேண்டும். அதன் அறிவிப்பு ஒடியாவிலும் இந்தியிலும் இருக்கிறதா? 50 பேரோ அதற்கு மேலோ இருந்தால் குழந்தைகள் காப்பகம் 2017 மகப்பேறுச் சட்டத் திருத்தத்திலிருந்தே கட்டாயம். அது பூட்டியிருக்கிறதா, திறந்திருக்கிறதா? பூட்டிய காப்பகத்தை வைத்துக்கொண்டு பெண்களின் வருகைக் குறைவை அவர்களுடைய இயல்பு என்று எழுதுவது கணக்காகாது.

9. யாரிடம் எதைக் காட்டுவது

முதலாளியிடம் நான்கு எண்கள்: சிவப்புக் கோடுகள் கூடிய வாரங்களிலும் குறைந்த வாரங்களிலும் செயல்திறன், திரும்பிய பீஸ், மிஷின் நின்ற நிமிடம், பண்டிகை நாட்களின் வருகை. சூப்பர்வைசரிடம் கோடு வரைந்த தாள் மட்டும். டோக்கன் எண்களை அதிலிருந்தும் எடுத்துவிடுங்கள். தொழிலாளர்களிடம் முடிவை அவரவர் மொழியில் ஒரு மதிய இடைவேளையில் சொல்லுங்கள். எந்த ஊர்க்காரர் நன்றாகத் தைக்கிறார் என்று யாராவது கேட்பார்கள். அந்தக் கேள்விக்கு இந்தக் கணக்கில் விடையே இல்லை, இது இடங்களை அளந்தது, மனிதர்களை அளக்கவில்லை என்று தெளிவாகச் சொல்லிவிடுங்கள்.

சூப்பர்வைசர் மாறினாலோ, கான்ட்ராக்டர் புது ஆட்களை இறக்கினாலோ 3ஆம் படியிலிருந்து மறுபடி தொடங்க வேண்டும். பழைய தாளின் மேலேயே திருத்தி எழுதாமல் புதுத் தாளில் தேதி போட்டு வரையுங்கள்.